பூட்டு ஒன்று, சாவி இரண்டு: கணிப்பொறிக் கடிதங்களைக் காக்கும் பாடம்

அஞ்சலட்டையில் எழுதிய செய்தியை வழியில் உள்ள யாவரும் படிக்கலாம். உறையிலிட்டு ஒட்டிய கடிதம் அப்படியன்று. உரியவர் மட்டுமே அதைப் பிரிக்க வேண்டும் என்பது சிறு பிள்ளைகளும் அறிந்த ஒழுக்கம். இன்று நாம் கணிப்பொறி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் அனுப்பும் மின்னஞ்சல் இவ்விரண்டில் எதைப் போன்றது? கம்பிவழி செல்லும்போது அது பெரும்பாலும் மூடியே செல்கிறது. ஆனால் அனுப்பும் நிலையத்திலும் பெறும் நிலையத்திலும் உள்ள அஞ்சல் கணிப்பொறிகளில் அது பிரித்த கடிதமாகவே தங்குகிறது. அந்நிலையத்தை நடத்துபவரும், அதனுள் களவாகப் புகுந்தவரும் அதைப் படிக்க இயலும்.

எழுதியவருக்கும் பெறுபவருக்கும் அன்றி வேறெவருக்கும் விளங்காதவாறு கடிதத்தையே மாற்றி அனுப்பும் கலைக்கு மறையாக்கம் என்று பெயர். அதற்கென விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்களுள் புகழ் பெற்றது குனூ பிரைவசி கார்டு. சுருக்கமாக ஜிபிஜி என்பர். இதன் மூல நிரல் மூடி வைக்கப்பட்டதன்று. எவரும் படிக்கலாம், சோதிக்கலாம், திருத்தலாம். இதைப் பயன்படுத்தத் தொடங்குவோருள் பலர், நிறுவும்போதோ சாவிகளைக் கையாளும்போதோ தடுமாறி, பாதியிலேயே விட்டுவிடுகின்றனர். அத்தடுமாற்றங்கள் யாவை, அவற்றைத் தீர்ப்பது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம். ஒன்றை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொள்வோம். இக்கலையில் பூட்டு உடைவது மிக அரிது. பிழை நேர்வது பெரும்பாலும் சாவியைக் கையாளும் இடத்தில்தான்.

சாவிகள் ஏன் இரண்டு?

பழங்காலந்தொட்டு அரசர்களும் படைத்தலைவர்களும் சங்கேத எழுத்தில் செய்தி அனுப்பி வந்தனர். அம்முறைகளில் எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் ஒரே சாவி இருக்க வேண்டும். அந்தச் சாவியை முதலில் எப்படிக் கொண்டு சேர்ப்பது? வழியில் அது களவு போனால் எல்லாம் போயிற்று. இச்சிக்கலைத் தீர்க்கும் புதுவழி ஒன்றை 1976ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விட்ஃபீல்டு டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் ஆகிய இருவரும் வெளியிட்டனர். பூட்டுவதற்கு ஒரு சாவி, திறப்பதற்கு வேறொரு சாவி என்னும் எண்ணமே அது. மறு ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் என்னும் மூவர் அதற்கேற்ற கணித முறையைக் கண்டனர். மூவர் பெயரின் முதலெழுத்துகளால் அது ஆர்.எஸ்.ஏ. எனப்படுகிறது. இங்கிலாந்தில் கிளிஃபோர்டு காக்ஸ் என்பவர் அரசுப் பணியில் இருந்தபோது 1973இலேயே இத்தகைய முறையைக் கண்டிருந்தார். ஆனால் அது இரகசியமாகவே வைக்கப்பட்டு, 1997இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

அமுக்கினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டுகளை நாம் கண்டிருக்கிறோம். அத்தகைய பூட்டுகளைத் திறந்த நிலையில் தோழியர் அனைவருக்கும் கொடுத்து வைப்பதாக எண்ணுவோம். நமக்கு எழுத விரும்பும் தோழி, கடிதத்தைப் பெட்டியிலிட்டு நம் பூட்டை அமுக்கி அனுப்புகிறாள். பூட்டிய பின் அவளாலும் அதைத் திறக்க இயலாது. திறக்கும் சாவி நம்மிடம் மட்டுமே உண்டு. ஊருக்கெல்லாம் கொடுக்கும் பூட்டே பொதுச் சாவி. நம்மிடமே வைத்துக்கொள்வது இரகசியச் சாவி. பொதுச் சாவியை எவர் பார்த்தாலும் கேடில்லை. இரகசியச் சாவி பிறர் கைக்குப் போகவே கூடாது.

இதே இரு சாவிகள் கையொப்பமிடவும் உதவுகின்றன. இரகசியச் சாவியால் ஒரு கடிதத்தில் கையொப்பமிட்டால், பொதுச் சாவி உள்ள எவரும் அது நம் கையொப்பமே என்றும், கடிதத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்றும் உறுதி செய்துகொள்ளலாம். எனவே கடிதத்தைப் பூட்டுவது பெறுபவரின் பொதுச் சாவியால். கையொப்பமிடுவது நம் இரகசியச் சாவியால். இந்த ஒரு வாக்கியத்தை மனனம் செய்தவர்க்குப் பாதிப் பாடம் முடிந்தது.

காகிதத்தில் ஒரு கணக்கு

இது மாயமன்று, கணிதமே என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். 3, 11 என்னும் இரு பகா எண்களை எடுத்துக்கொள்வோம். இவற்றின் பெருக்குத்தொகை 33. நம் பொதுச் சாவி 33, 3 என்னும் இரு எண்கள். நம் இரகசியச் சாவி 7. தோழி நமக்கு 4 என்னும் எண்ணை இரகசியமாக அனுப்ப விரும்புகிறாள். அவள் 4ஐ மும்முறை பெருக்குகிறாள், 64 வருகிறது. அதை 33ஆல் வகுத்தால் மீதி 31. அந்த 31ஐ நமக்கு அனுப்புகிறாள். வழியில் பார்ப்பவருக்கு 31 மட்டுமே தெரியும்.

நாம் 31ஐ ஏழு முறை பெருக்கி 33ஆல் வகுத்து மீதி காண வேண்டும். படிப்படியாகச் செய்தால் எளிது. 31ஐ 31ஆல் பெருக்க 961. 33ஆல் வகுக்க மீதி 4. ஆகவே 31இன் நான்காம் அடுக்குக்கு மீதி 16. ஆறாம் அடுக்குக்கு 16ஐ 4ஆல் பெருக்க 64, மீதி 31. ஏழாம் அடுக்குக்கு மீண்டும் 31ஐ 31ஆல் பெருக்க, மீதி 4. தோழி அனுப்பிய எண் வந்துவிட்டது!

33 என்பது 3, 11 ஆகியவற்றின் பெருக்கம் என்று எவரும் கண்டுபிடித்துவிடலாம். அதைக் கண்டவர் 7ஐயும் கண்டுவிடுவார். மெய்யான சாவிகளில் இந்த எண் மிகப் பெரிது. ஜிபிஜியில் வழங்கும் 3072 பிட் ஆர்.எஸ்.ஏ. சாவியில் அது 925 இலக்கங்கள் கொண்டது. 250 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணைப் பகுப்பதற்கே 2020இல் ஆய்வாளர்கள் எண்ணற்ற கணிப்பொறிகளை இணைத்து உழைக்க வேண்டியிருந்தது. 2021இல் வந்த 2.3ஆம் பதிப்பு முதல், நீள்வட்ட வளைவுகளின் கணிதத்தைக் கொண்ட சிறிய சாவியையே ஜிபிஜி இயல்பாக உருவாக்குகிறது. கணிதம் வேறாயினும் பூட்டும் முறை ஒன்றே.

மென்பொருள் பிறந்த வரலாறு

பொதுமக்கள் கையில் இக்கலையைக் கொண்டு சேர்த்தவர் அமெரிக்கரான ஃபில் ஸிம்மர்மன். 1991இல் அவர் பிஜிபி என்னும் மென்பொருளை வெளியிட்டார். வலுவான மறையாக்கம் அந்நாட்டுச் சட்டப்படி போர்த் தளவாடமாகக் கருதப்பட்ட காலம் அது. அதை வெளிநாட்டுக்குச் செல்ல விட்டதாக 1993 முதல் அவர்மீது குற்ற விசாரணை நடந்தது. 1996இல் வழக்கின்றிக் கைவிடப்பட்டது. பிஜிபியின் முறைகள் பின்னர் ஓப்பன்பிஜிபி என்னும் பொது நெறியாயின. அந்நெறியைப் பின்பற்றி, யாவர்க்கும் உரிய மென்பொருளாக ஜெர்மனியின் வெர்னர் கோஹ் 1997இல் உருவாக்கத் தொடங்கியதே ஜிபிஜி. இதன் 1.0 பதிப்பு 1999 செப்டம்பரில் வெளிவந்தது. பல ஆண்டுகள் அவர் பொருள் முடையோடு பெரும்பாலும் தனித்தே இதைக் காத்து வந்தார். 2015இல் அச்செய்தி வெளியானபின் உலகெங்கும் இருந்து நன்கொடைகள் வந்தன.

பன்னிருவர் செய்த சோதனை

மக்கள் எங்கே தடுமாறுகின்றனர் என்பதை 1999இல் ஆல்மா விட்டன், ஜே.டி. டைகர் ஆகிய இருவரும் ஆராய்ந்தனர். பன்னிரண்டு பேரைக் கணிப்பொறி முன் அமர்த்தி, அக்காலத்துப் பிஜிபி 5.0 மென்பொருளைக் கொடுத்து, 90 நிமிடங்களில் ஓர் இரகசியச் செய்தியைக் கையொப்பமிட்டுப் பூட்டி அனுப்பச் சொன்னார்கள். பெரும்பாலோரால் இயலவில்லை. மூவர் அந்த இரகசியத்தைப் பூட்டாமலேயே அனுப்பிவிட்டனர். எழுவர் பெறுபவரின் பொதுச் சாவிக்குப் பதிலாகத் தம் சொந்தப் பொதுச் சாவியால் பூட்டினர். பெறுபவர் அதை எவ்வாறு திறப்பார்?

அவர்கள் கல்வியில் குறைந்தவர் அல்லர், மின்னஞ்சலில் பழகியவர்களே. மென்பொருளின் கணிதத்திலும் குறையில்லை. எந்தச் சாவி எதற்கு என்பது மட்டுமே விளங்கவில்லை. ஆகவே தடை ஏற்படும்போதெல்லாம் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இங்கே யாருடைய எந்தச் சாவி வேண்டும்? அது என்னிடம் இருக்கிறதா?’ என்பதே.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

விண்டோஸ் கணிப்பொறிக்கு ஜிபிஜி4வின் என்னும் தொகுப்பு உண்டு. சாவிகளைப் பார்த்துக் கையாள்வதற்கான கிளியோபாட்ரா என்னும் செயலியும் அதனுடன் வரும். ஆப்பிள் மேக் கணிப்பொறிக்கு ஜிபிஜி சூட் என்னும் தொகுப்பு கிடைக்கிறது. லினக்ஸ் வகைகள் பலவற்றில் ஜிபிஜி முன்பே அமைந்திருக்கும்.

எந்தத் தொகுப்பாயினும் உரியவர் தளத்திலிருந்தே இறக்க வேண்டும். இறக்கியபின் அது பழுதின்றி வந்ததா எனச் சோதிக்க வேண்டும். தளத்தில் ஷா-256 என்னும் சரிபார்ப்பு எண் தரப்பட்டிருக்கும். அது 64 குறிகள் கொண்டது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் முற்றிலும் மாறிவிடும். நம் கணிப்பொறி காட்டும் எண்ணும் தளத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருந்தால் கோப்பு வழியில் சிதையவில்லை. ஆனால் தளத்தையே கைப்பற்றிய திருடன் கோப்பையும் மாற்றி எண்ணையும் மாற்றிவிடலாம் அல்லவா? அதனால்தான் உருவாக்கியவரின் கையொப்பத்தைச் சரிபார்ப்பது இன்னும் உறுதியானது.

சாவி உருவாக்கும்போது பெயரும் மின்னஞ்சல் முகவரியும் கேட்கப்படும். சாவிக்குக் காலாவதித் தேதி ஒன்று வைப்பது நலம். ஓரிரு ஆண்டுகள் போதும். சாவி நம் கையில் இருக்கும்வரை அத்தேதியை எப்போது வேண்டுமானாலும் நீட்டிக்கலாம், தேதி கடந்த பின்னும் நீட்டிக்கலாம்.

பின்னர்க் கடவுச்சொற்றொடர் கேட்கப்படும். இரகசியச் சாவி உள்ள கோப்பு திருடு போனாலும் அதைக் காக்கும் அரண் இதுவே. பிறந்த நாளும் வீட்டுப் பெயரும் இதற்கு உதவா. ஐந்து தாயக்கட்டைகளை உருட்டிச் சொற்களைத் தேர்வது ஒரு நல்ல முறை. இங்கே தாயக்கட்டை என்பது ஆறு முகம் கொண்டது. ஐந்து கட்டைகள் 7,776 விதமாக விழலாம். அத்தனைச் சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஒவ்வோர் உருட்டலுக்கும் ஒரு சொல் கிடைக்கும். ஆறு சொற்கள் சேர்ந்தால் சுமார் 221 கோடி கோடி கோடி வகைகள் ஆகின்றன. ஆறு சொற்களை ஒரு சிறு கதையாகக் கோத்து நினைவில் வைப்பது நமக்கு எளிது. ஊகிப்பது திருடனுக்கு அரிது.

தடைகளும் தீர்வுகளும்

மென்பொருள் ஆங்கிலத்தில் காட்டும் செய்திகளைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அவற்றுள் அடிக்கடி வருவனவற்றின் பொருளையும் தீர்வையும் வரிசையாகக் காண்போம்.

1. ‘பொதுச் சாவி இல்லை’ என்று வருதல். நாம் எழுத விரும்புபவரின் பொதுச் சாவியோ, கையொப்பமிட்டவரின் பொதுச் சாவியோ நம் சாவிக்கொத்தில் இல்லை என்பது பொருள். அவரிடம் கேட்டுப் பெற்றுச் சேர்த்துக்கொண்டால் தீரும்.

2. ‘இரகசியச் சாவி இல்லை’ என்று வருதல். வந்த கடிதம் நம் சாவிக்குப் பூட்டப்படவில்லை, அல்லது அச்சாவி இந்தக் கணிப்பொறியில் இல்லை. அனுப்பியவர் நம் பழைய சாவியைப் பயன்படுத்தியிருக்கலாம்; மேலே கண்ட எழுவரைப் போலத் தம் சாவியாலேயே பூட்டியிருக்கலாம். நாம் புதிய கணிப்பொறிக்கு மாறியபோது பொதுச் சாவியை மட்டும் எடுத்து வந்ததாலும் இது நேரும். பழைய கணிப்பொறியிலிருந்து இரகசியச் சாவியைத் தனியே வெளியேற்றிக் கொண்டுவர வேண்டும்.

3. நாம் அனுப்பிய கடிதத்தை நாமே திறக்க இயலாமை. இது பழுதன்று, பூட்டின் இயல்பு. பெறுபவரின் பூட்டை அமுக்கிய பின் நமக்கும் அது மூடியதே. தனக்கும் சேர்த்துப் பூட்டு என்னும் அமைப்பை முன்கூட்டியே வைத்துக்கொண்டால் நம் படியை நாம் படிக்கலாம்.

4. ஒரு செயலியில் தெரியும் சாவி மற்றொன்றில் தெரியாமை. தண்டர்பேர்டு அஞ்சல் செயலி 2020இல் வந்த 78ஆம் பதிப்பு முதல் தனக்கென வேறு சாவிக்கொத்து வைத்திருக்கிறது. கிளியோபாட்ராவில் சேர்த்த சாவி அங்கே தானாக வராது; தனியே சேர்க்க வேண்டும். ஜிபிஜியின் பழைய 1.4 பதிப்பும் புதிய பதிப்பும் ஒரே கணிப்பொறியில் இருந்தாலும் இக்குழப்பம் வரும். 2014இல் வந்த 2.1ஆம் பதிப்பு முதல் இரகசியச் சாவிகள் வேறிடத்தில் வைக்கப்படுகின்றன. பழைய பதிப்பு அவ்விடத்தை அறியாது.

5. கடவுச்சொற்றொடர் கேட்கும் சாளரம் தோன்றாமை. இரகசியச் சாவியைக் கையாள்வதற்கென ஜிபிஜி ஏஜென்ட் என்னும் உதவி நிரல் பின்னணியில் இயங்குகிறது. அது எந்தத் திரையில் கேள்வி கேட்பது என்று அறியாமல் நின்றுவிடலாம். லினக்ஸ் முனையத்திலும், தொலைவிலுள்ள கணிப்பொறியை இயக்கும்போதும் இது மிகுதி. நாம் இருக்கும் முனையம் எது என்பதை அதற்குரிய மாறியில் குறித்துவிட்டு, ஏஜென்டை நிறுத்தி மீண்டும் தொடங்கினால் பெரும்பாலும் சரியாகும்.

6. ‘கோப்புறையின் உரிமைகள் பாதுகாப்பற்றவை’ என்னும் எச்சரிக்கை. சாவிக்கொத்து உள்ள கோப்புறையைப் பிறரும் திறக்கலாம் என்ற நிலையில் இது வரும். அக்கோப்புறையை உரியவர் மட்டுமே அணுகுமாறு, லினக்ஸில் 700 என்னும் உரிமை எண்ணால் அமைக்க வேண்டும். நிர்வாகியின் அதிகாரத்தோடு ஜிபிஜியை இயக்கினால் கோப்புகள் நிர்வாகிக்கு உரியனவாகி நமக்கே திறவாமற் போகலாம். ஆகவே எப்போதும் நம் சொந்தப் பயனர் பெயரிலேயே இயக்குவோம்.

7. ‘இச்சாவி எதிர்காலத்தில் உருவானது’ என்று வருதல். கேட்க வேடிக்கையாக இருக்கும். இரு கணிப்பொறிகளில் ஒன்றின் கடிகாரம் தவறு என்பதே பொருள். தேதியையும் நேரத்தையும் சரிசெய்தால் போதும்.

8. ‘இச்சாவியைப் பயன்படுத்த இயலாது’ என்று வருதல். அச்சாவியின் தேதி கடந்திருக்கலாம். ஒரு சாவி என்று நாம் அழைப்பது உண்மையில் தலைமைச் சாவியும் அதன்கீழ்த் துணைச் சாவிகளும் சேர்ந்த ஒன்று. பூட்டும் வேலை துணைச் சாவியுடையது. தலைமைச் சாவி நன்றாக இருந்தும் துணைச் சாவியின் தேதி கடந்தால் பூட்ட இயலாது. உரியவர் தேதியை நீட்டித்து, புதுப்பித்த பொதுச் சாவியை மீண்டும் அனுப்ப வேண்டும். நீட்டித்துவிட்டு அனுப்ப மறப்பவர் பலர்.

9. பொதுச் சாவிக்குப் பதில் இரகசியச் சாவியை அனுப்பிவிடுதல். இது பெருங்கேடு. வெளியேற்றிய கோப்பின் முதல் வரியிலேயே அது பப்ளிக் சாவியா பிரைவேட் சாவியா என்று எழுதியிருக்கும். அனுப்பும் முன் அந்த ஒரு வரியைப் படித்தால் இக்கேடு நேராது.

கைரேகை பார்த்தல்

‘இச்சாவி குறிப்பிட்ட நபருக்கு உரியது என்பதற்கு உறுதி இல்லை’ என்றும் ஓர் எச்சரிக்கை வரும். பலர் இதைத் தொல்லையாகக் கருதி, ‘ஆம்’ என்று அழுத்தி மேலே செல்கின்றனர். உண்மையில் இது மென்பொருள் நம்மிடம் கேட்கும் மிக முக்கியமான கேள்வி. எந்தப் பெயரிலும் எவரும் ஒரு சாவி உருவாக்கலாம். நம் தோழியின் பெயரிலும் முகவரியிலும் வேறொருவன் சாவி செய்து நம்மிடம் சேர்த்துவிட்டால், நாம் பூட்டி அனுப்புவதெல்லாம் அவன் திறந்து படிப்பதற்கே ஆகும்.

இதற்காகவே ஒவ்வொரு சாவிக்கும் கைரேகை உண்டு. இப்போது பரவலாக வழங்கும் சாவிகளில் அது 40 குறிகள் கொண்டது; நான்கு நான்காகப் பத்துக் கூறுகளாக அச்சிடப்படும். அதன் கடைசி 8 குறிகளை மட்டும் பார்ப்பது போதாது. அந்த எட்டும் ஒத்திருக்குமாறு போலிச் சாவிகள் செய்யலாம் என்று 2014இல் ஆய்வாளர் இருவர் செய்தே காட்டினர். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பெயரில் அத்தகைய போலிச் சாவி சாவிக் களஞ்சியங்களில் இருப்பது 2016இல் தெரியவந்தது. ஆகவே நேரிலோ, குரல் தெரிந்த தொலைபேசியிலோ முழுக் கைரேகையையும் ஒருவர் படிக்க மற்றவர் ஒப்பிட வேண்டும். கடிதம் வந்த அதே மின்னஞ்சலில் வந்த கைரேகையை நம்புவது, அந்நியனிடமே அவன் யார் என்று கேட்பது போலாகும். ஒப்பிட்டு உறுதியான பின் அச்சாவியில் நம் சான்றைப் பதிவு செய்தால் எச்சரிக்கை மறையும்.

நம்பிக்கை அளவில் முழுமுதல் நம்பிக்கை என்று ஒன்று உண்டு. அதை நம் சொந்தச் சாவிக்கு மட்டுமே தர வேண்டும். சேமிப்பிலிருந்து நம் சாவியைப் புதிய கணிப்பொறியில் சேர்க்கும்போது இந்நம்பிக்கை உடன் வருவதில்லை. நாமே மீண்டும் குறிக்க வேண்டும்.

இவை எவ்வளவு பெரிய செயலுக்கும் அடிப்படை என்பதற்கு ஒரு சான்று காண்போம். 2012 டிசம்பரில் பிரேசிலில் இருந்த பத்திரிகையாளர் கிளென் கிரீன்வால்டுக்குப் பெயர் கூறாத ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. முக்கியமான செய்தி உண்டு, முதலில் பிஜிபி மறையாக்கத்தை நிறுவிக்கொள்ளுங்கள் என்று அவர் வேண்டினார். படிப்படியான குறிப்புகளும், பின்னர்ப் படக்காட்சியும் அனுப்பினார். வேலை மிகுதியாலும் முறை சிக்கலாகத் தோன்றியதாலும் கிரீன்வால்டு அதைச் செய்யவில்லை. எழுதியவர் எட்வர்டு ஸ்னோடன். அமெரிக்க அரசு உலக மக்களின் தொலைத்தொடர்புகளைப் பெருமளவில் கண்காணித்ததை 2013 ஜூனில் வெளிப்படுத்தியவர் அவரே.

வழி அடைபட்டதால் அவர் ஆவணப்பட இயக்குநர் லாரா பாய்ட்ரஸை நாட முயன்றார். 2013 ஜனவரியில் மைக்கா லீ என்னும் கணிப்பொறி வல்லுநருக்குப் பூட்டிய கடிதம் எழுதி, பாய்ட்ரஸின் சாவியைக் கேட்டார். அக்கடிதத்தோடு தம் பொதுச் சாவியை இணைக்க அவர் மறந்துவிட்டார். அதனால் பூட்டிய மறுமொழி எழுத லீக்கு வழியில்லாமற் போயிற்று. பின்னர்ச் சாவி கிடைத்தது. பாய்ட்ரஸ் புதிதாகச் செய்துகொண்ட சாவி உண்மையில் அவருடையதே என்று ஸ்னோடன் அறிய வேண்டும். அதற்காக லீ அதன் கைரேகையை யாவரும் காணுமாறு ட்விட்டரில் வெளியிட்டார். மின்னஞ்சலை இடைமறித்து மாற்றுபவனால் ஊரறிய எழுதியதை ஓசையின்றி மாற்ற இயலாது அன்றோ? உயிரையும் விடுதலையையும் பணயம் வைத்த அக்காரியம் 40 குறிகளை ஒப்பிட்டுப் பார்த்ததன்மேல் நின்றது.

சாவி தொலைந்தால்

வீட்டுச் சாவி தொலைந்தால் பூட்டுக்காரரை அழைக்கலாம். இங்கே பூட்டுக்காரர் கிடையாது. கடவுச்சொற்றொடரை மறந்தவருக்கு அதை மாற்றித் தரும் அலுவலகமும் இல்லை. இரகசியச் சாவி அழிந்தால் அதுவரை பூட்டி வந்த கடிதங்கள் யாவும் என்றென்றைக்கும் மூடியவையே. எவரும் உடைக்க இயலாத பூட்டு வேண்டும் என்று கேட்டோம். அது நமக்கும் உடையாது. ஆகவே வருமுன் காப்பதே இங்குள்ள ஒரே வழி.

சாவி உருவாக்கிய அன்றே செய்ய வேண்டியவை இரண்டு. முதலாவது, இரகசியச் சாவியின் படியை இணையத்தில் சேராத ஒரு சேமிப்புக் கருவியில் எடுத்துப் பத்திரமான இடத்தில் வைத்தல். கடவுச்சொற்றொடரை எழுதி வைப்பதாயின் அதை வேறிடத்தில் வைக்க வேண்டும். இரண்டாவது, இரத்துப் பத்திரத்தைக் காத்தல். சாவி தொலைந்தாலோ திருடு போனாலோ, ‘இச்சாவியை இனி நம்ப வேண்டாம்’ என்று உலகுக்கு அறிவிக்கும் ஆவணம் அது. 2.1ஆம் பதிப்பு முதல் ஜிபிஜி இதைத் தானாகவே எழுதி ஒரு கோப்புறையில் வைக்கிறது. கைதவறிப் பயன்படுத்திவிடாதிருக்க அதன் தொடக்க வரிக்கு முன்னே ஒரு முக்காற்புள்ளி இடப்பட்டிருக்கும். தேவைப்படும்போது அந்தப் புள்ளியை நீக்கிய பின்னரே அது செல்லும். இதையறியாதவர் பத்திரம் பழுதென்று எண்ணிவிடுகின்றனர். கணிப்பொறியே கெட்டுப்போனால் பத்திரமும் உடன் போகும்; ஆதலால் இதற்கும் வெளியே ஒரு படி வேண்டும்.

இரத்துச் செய்வதால் பழைய கடிதங்கள் படிக்க முடியாமற் போவதில்லை. இரகசியச் சாவி இருக்கும்வரை அவற்றைத் திறக்கலாம். அவ்வாறே, சாவி திருடு போனபின் இரத்துச் செய்தாலும் திருடனிடம் முன்பே சிக்கிய பழைய கடிதங்கள் காக்கப்படுவதில்லை. இனி வருவனவற்றையே இரத்து காக்கும்.

சாவிகளைப் பொதுக் களஞ்சியங்களில் வைப்பவர் ஒன்றை அறிய வேண்டும். பழைய களஞ்சியங்களில் ஏற்றிய சாவியை அழிக்க வழியில்லை. எவரும் அதன்மேல் தம் சான்றுகளைச் சேர்க்கலாம். 2019இல் தீயோர் சிலருடைய சாவிகளின்மேல் பல்லாயிரம் போலிச் சான்றுகளைக் குவித்தனர். அச்சாவிகளை இறக்கியவர்களின் ஜிபிஜி திணறி நின்றது. அதன்பின் களஞ்சியச் சாவிகளில் பிறர் சேர்த்த சான்றுகளை ஏற்காதவாறு ஜிபிஜி மாற்றப்பட்டது. மின்னஞ்சல் முகவரியைச் சரிபார்த்த பின்னரே அம்முகவரியோடு சாவியை வெளியிடும் புதிய களஞ்சியமும் அவ்வாண்டே தொடங்கியது.

இன்னொன்றும் உண்டு. ஜிபிஜி கடிதத்தின் உள்ளடக்கத்தையே பூட்டுகிறது. யார் யாருக்கு, எப்போது எழுதினார் என்பது வெளியே தெரியும். பொருள் வரியும் பெரும்பாலும் உறைமேல் எழுதியது போலவே செல்லும். அதில் இரகசியம் எழுதலாகாது.

முடிவுரை

நாம் இதுவரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், ஒரு நற்பண்பு தேவைப்படும் இடங்கள் மூன்று தோன்றும். பிறர் சாவியைப் பெறும்போது அது யாருடையது என்று பார்ப்பது. நம் சாவியைப் பிறர் கையில் படாமல் வைப்பது. அது தொலையும் நாளை அது கையில் இருக்கும் நாளிலேயே எண்ணுவது. மூன்றும் கணிதம் அறிந்தவருக்கு மட்டும் உரியவை அல்ல. வீட்டுச் சாவிக்கொத்தைப் பொறுப்போடு கையாளும் எவருக்கும் இவை எளிதே. மேலும், ஒரு தோழி நம்மை நம்பிப் பூட்டி அனுப்பும் கடிதத்தின் பாதுகாப்பு அவள் கையில் பாதி, நம் கையில் பாதி. நாம் சாவியைச் சரியாகக் காப்பது நமக்காக மட்டுமன்று, நம்மை நம்பி எழுதுபவருக்காகவும்தான்.

பயிற்சி

1. பொதுச் சாவி 33, 3 எனில், 5 என்னும் எண்ணைப் பூட்டினால் வருவது யாது? இரகசியச் சாவி 7 கொண்டு அதைத் திறந்து காட்டுக.

2. தோழிக்கு இரகசியக் கடிதம் அனுப்பிக் கையொப்பமும் இட வேண்டும். எந்தெந்தச் சாவிகள் தேவை?

3. சாவியின் கைரேகையை அது வந்த அதே மின்னஞ்சலைக் கொண்டு சரிபார்ப்பது ஏன் போதாது?

4. இரத்துப் பத்திரத்தைச் சாவி உருவாக்கிய அன்றே தனியே காத்து வைப்பது எதற்காக?

(முதல் வினாவின் விடை: 26. மற்றவற்றின் விடைகளைப் பாடத்துள்ளே தேடிக் காண்க.)